நாற்பது சாமான் பெட்டியும் ஒரு பாத்ரூம் கதவும்

இந்த வாரம் வேறு ஒன்று எழுதுவதாக இருந்தேன். முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. நானும் என் மனைவி வசந்தியும் மட்டும்தான். வசந்திக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, கையோடு சாப்பிட்டுவிடுவாள். அன்றைக்கும் ஊசி போட்டாயிற்று. இட்லி வெந்துகொண்டிருந்தது. மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனவள், பாத்திரத்தைப் புடவை மேலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

"இருங்க, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடறேன்" என்று பாத்ரூமுக்குள் போனாள்.

ரெண்டு சொம்பு... அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்.

"ஏங்க... தாழ்ப்பாள் தொறக்க மாட்டேங்குது."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"நல்லா இழு, வரும்."

"இழுத்துப் பாத்துட்டேன். குமிழு கையோட வந்துடுச்சு."

அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. நல்ல கனம். உதைத்தாலும் உள்ளே போகாது, சட்டம் தடுக்கும். மேலே உள்ள வென்டிலேட்டரில் பூனைதான் நுழையலாம். ஆனால் கீல் மூன்றும், அவற்றின் ஸ்க்ரூவும் வெளியே, என் பக்கம்தான். ஸ்க்ரூவைக் கழற்றினால் கதவையே தூக்கிவிடலாம். என்னிடம்தான் டூல்ஸ் பெட்டி இருக்கிறதே!

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் கண்காட்சி போட்டிருந்தபோது வாங்கியது. சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாற்பது சாமான். ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், உளி, பிளேயர்... எதற்கென்றே எனக்குத் தெரியாதவை பாதி. வசந்தியின் தம்பி ரவி சிதம்பரத்தில் இருக்கிறான். டூல்ஸ் பைத்தியம். எல்லாம் பெரிய கம்பெனி சாமான், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அடுக்கி வைத்திருப்பான். அவனுடைய ஒரு ஸ்க்ரூடிரைவர் விலைக்கு என் பெட்டியே வந்துவிடும்.

"இது டூல்ஸ் இல்ல மாமா, பொம்மை" என்றான், என் பெட்டியைப் பார்த்துவிட்டு.

"எந்தக் கம்பெனி திருகுதுன்னு ஸ்க்ரூவுக்குத் தெரியுமா மச்சான்?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன்.

ஸ்க்ரூவுக்குத் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூடிரைவரை மேல் கீலில் வைத்து அழுத்தித் திருகினேன். பிடி சுற்றியது, உள்ளே கம்பி சுற்றவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதன் முனை மெழுகு மாதிரி மழுங்கியது. ஸ்க்ரூவின் தலையில் இருந்த பிளஸ் குறி தேய்ந்து வெறும் குழியாகிவிட்டது. பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போனேன். அதற்கும் அதே கதி.

"ஆச்சாங்க?"

"இதோ... ரெண்டே நிமிஷம்."

"கை உதறுதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி போட்டிருக்கிறாள். சாப்பிடவில்லை.

"வசந்தி, வேர்க்குதா?"

"குளிச்ச தண்ணியா, வேர்வையான்னு தெரியல."

உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். கதவையே பிளந்துவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது அடியில் சுத்தியலின் தலை கழன்று, என் காதை உரசிக்கொண்டு பறந்தது. பின்னால் வாஷ்பேசின் கண்ணாடி நொறுங்கியது. கையில் வெறும் கட்டை.

108-க்கு அடித்தேன். வண்டி வருகிறது என்றார்கள். வண்டி வரும்... கதவு? அடுத்து ரவிக்கு அடித்தேன். ஏன் அவனுக்கு அடித்தேன் என்று கேட்காதீர்கள். பயந்த மனுஷனின் கை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

"கெளம்பிட்டேன் மாமா. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வரேன்."

சிதம்பரத்திலிருந்து கடலூர் எப்படிப் பறந்து வந்தாலும் ஒரு மணி நேரம். உசத்தியான டூல்ஸ் எல்லாம் அங்கே. வசந்தி இங்கே.

கதவில் வாயை வைத்துக் கத்தினேன். "பேசிக்கிட்டே இரு வசந்தி. என்ன வேணா பேசு."

"இட்லி... அடுப்ப அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன்." அணைக்கவில்லை.

பிறகு, தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி கேட்டாள்: "அம்மா எப்ப வந்தாங்க?"

அவள் அம்மா இறந்து ஏழு வருஷம் ஆகிறது.

அதற்கப்புறம் குரலே இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும்.

தெருவுக்கு ஓடினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு ஏழுமலையும் அவர் மனைவி செல்வியும் ஓடிவந்தார்கள். ஏழுமலை விசைப்படகில் எஞ்சின் பார்க்கிறவர். பிள்ளைகள் படிப்புக்காகக் கடலோரக் கிராமத்தை விட்டு எங்கள் தெருவில் குடி வந்தவர். காற்று அதிகம் என்று அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. என் வாழ்க்கையில் காற்றுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு பழைய கான்வாஸ் பையோடு வந்தார். கீலைப் பார்த்தார்.

"என்னா சார் இது, ஸ்க்ரூ தலையத் தின்னு வச்சிருக்கீங்க! அக்கா பேசி எவ்ளோ நேரம் ஆச்சு?"

"தெரியல..." உண்மையிலேயே தெரியவில்லை. ஐந்து நிமிடமா? அரை மணியா?

நான் கெடுத்ததை விட்டுவிட்டு அவர் கீழ்க் கீலில் ஆரம்பித்தார். ஸ்க்ரூவில் அடைந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். ஸ்க்ரூடிரைவரை நிறுத்தி, அதன் பின்பக்கம் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. திருகினார். கிரீச் என்று இறங்கியது. அடுத்தது. அடுத்தது. நடுக் கீலும் விட்டது. மேல் கீலுக்கு வந்தபோது அங்கே என் கைவண்ணம்... எதைப் போட்டாலும் பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு இரும்புப் பட்டையை எடுத்துக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினார். நானும் அதைப் பிடித்துத் தொங்கினேன். மரம் கிழிந்து கீல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"செல்வி, நீ போ" என்றவர், நான் அவள் புருஷன் என்பதைக்கூட மறந்து என் தோளைப் பிடித்து இழுத்து, சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டார்.

சுவரைப் பார்த்தபடி நின்றேன். அங்கே ஒரு காலண்டர். அதில் என்ன படம் என்று இப்போதும் சொல்வேன். அவ்வளவு நேரம் பார்த்தேன்... அல்லது அவ்வளவு நேரம் என்று எனக்குப் பட்டது.

"மூச்சு இருக்குண்ணே! கண்ணத் தொறக்கறாங்க! சக்கர எடுத்துட்டு வாங்க!"

சர்க்கரை நோயாளி வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கும்? கண்ணில் படாத இடத்தில். நான்தான் ஒளித்து வைத்தேன். எங்கே? மூளை அப்படியே வெள்ளைத் தாளாகிவிட்டது. எல்லா டப்பாவையும் கொட்டினேன். துவரம் பருப்பு, ரவை, கடுகு... கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்தது.

வசந்தியைத் துண்டால் சுற்றி மடியில் சாய்த்துக்கொண்டிருந்தாள் செல்வி. சிட்டிகை சிட்டிகையாகக் கன்னத்துக்குள் வைத்து, "முழுங்குக்கா... முழுங்குக்கா..." என்றாள். தொண்டை அசைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன். ஏழுமலை போய் இட்லி அடுப்பை அணைத்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. டிரிப்ஸ் ஏறியது. மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வசந்தி கேட்ட முதல் கேள்வி: "கதவ என்ன பண்ணீங்க?"

ரவி வார்டுக்கே வந்துவிட்டான், கையில் அந்தக் கனமான டூல்ஸ் பையோடு. ஆஸ்பத்திரியில் அது எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை. என்னைக் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஏழுமலையிடம் கேட்டேன். "உங்க டூல்ஸ் எல்லாமே விலை ஜாஸ்தியா?"

"அய்யய்ய, எல்லாம் இல்ல சார். டேப்பு, பிரஷ்ஷு, சின்னச் சின்ன ஸ்பேனர்லாம் மலிவு சாமான்தான். படகு ஆடற ஆட்டத்துல நழுவி கடல்ல போயிடும். போற சாமானுக்கு எதுக்கு அவ்ளோ வெல? ஆனா நடுக்கடல்ல எஞ்சின் நின்னா எத வச்சித் தொறப்பனோ, அது மட்டும் நல்லதா வச்சிக்குவேன். அங்க கடை இல்ல பாருங்க."

ரவியும் நானும் இத்தனை வருஷம் போட்ட சண்டை இவ்வளவுதானா? காலண்டர் மாட்ட ஆணி அடிக்க என் பெட்டி போதும். மலிவாக வாங்குவது குற்றமும் இல்லை. "என்ன விலை?" என்று மட்டும் கேட்டேனே தவிர, "இது கைவிட்டால் என்ன ஆகும்?" என்று நான் கேட்டதே இல்லை. சரி, அலமாரி நிறைய உசத்தி சாமான் வைத்திருந்த ரவி? அவனுக்கும் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லையே!

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் ஒரு மாதமாகவே இறுகிக்கொண்டிருந்தது. வசந்தி மூன்று தடவை சொன்னாள். நான் தேங்காய் எண்ணெய் விட்டேன். அதற்கு எந்த டூலைக் குறை சொல்வது?

புதுக் கதவு போட்டாயிற்று. உள்ளே தாழ்ப்பாள் வைக்கவே நான் விடவில்லை. பயம் மட்டும் போகவில்லை. வசந்தி குளிக்கப் போனால், வெளியே வரும் வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே பாடுகிறாள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை.

நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறாள் பாருங்கள்... அந்த இரண்டு விநாடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.