தங்கையின் கோடு

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய், அண்ணாந்து பார்த்து, மின் மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்து வந்தவர். பிறகு தாமாகவே கணக்கை அனுப்பும் புது மீட்டர்கள் வந்தன. தெருத்தெருவாக நடந்தவரை மாடி அறையில், என் பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவருடைய கால்கள் மட்டும் இன்னும் மேசைக்கடியில் சும்மா இருப்பதில்லை.

எங்கள் வேலை எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் திரையில் ஒரு கோடு. மின்சாரம் அதிகம் ஓடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். செத்துக் கிடக்கும் கோட்டையும் பேய் பிடித்தாற்போல் குதிக்கும் கோட்டையும் கண்டுபிடித்து, மீட்டரைப் பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும். ஆனால் அக்காவுக்குக் கோடுகள் முகங்கள்.

"இந்த வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்காங்க பாரு தம்பி, ஹீட்டர் நிக்கவே இல்ல" என்பார். "இவரு ஆபீஸுக்கு மட்டம் போட்டுட்டாரு. பகல் பூரா டிவி."

நான் சிரிப்பேன். அந்த வீட்டுக்காரர் கேட்டால் சிரிக்க மாட்டாரே என்றும் தோன்றும். சொன்னதில்லை.

ஒரு கோட்டை மட்டும் அவர் வாய்விட்டுப் படிக்க மாட்டார். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பார். விடியலில் ஒரு தடித்த மேடு: குளியலறை ஹீட்டர். அதன் பின்னால் கூராக ஒரு முள்: இஸ்திரிப் பெட்டி. அந்த முள்ளைப் பார்த்ததும் அக்காவின் தோள்கள் கீழே இறங்கும். அதன் பிறகுதான் கைப்பையை மேசையில் வைப்பார்.

அது அவருடைய தங்கையின் வீடு. இதே ஊர்தான், பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் இல்லை என்பதை ஒரு மதியம், என் முகத்தைப் பார்க்காமல், டிபன் டப்பா மூடியிடம் சொல்வதுபோல் சொன்னார். தங்கைக்கு வேலை போயிருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. அவர் கிளம்பும்வரை தானும் கிளம்புவதுபோல் இருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். கோட்டில் மின்விசிறி ஓடுவதை அக்கா பார்த்தார். விடுமுறை நாளில் அங்கே சாப்பிடப் போனவர், பரிமாறிக்கொண்டிருந்த தங்கையிடம், கணவர் எதிரிலேயே கேட்டுவிட்டார்: "என்னடி, வாரம் பூரா வீட்லயே இருந்திருக்க, உடம்பு சரியில்லையா?"

"பாசத்துலதான் கேட்டேன் தம்பி. அவரு கை அப்படியே தட்டுல நின்னுடுச்சு. அப்பதான் எனக்கே உறைச்சுது."

வழியனுப்ப வாசல்வரை வந்த தங்கை அழவில்லையாம், கத்தவும் இல்லையாம். "அக்கா, இந்த வீட்டுக்கு வாசக்கதவுன்னு ஒண்ணு இருக்கு. வர்றதுன்னா அதுல வா. கம்பி வழியா வராத" என்றிருக்கிறாள். அதன் பிறகு அக்காவின் போனை அவள் எடுக்கவேயில்லை.

மாதக்கணக்கில் அந்தக் கோட்டில் முள் இல்லை. பிறகு ஒரு காலை அது திரும்பி வந்தது. தங்கை சேலையை இஸ்திரி போடுகிறாள், எங்கோ வேலைக்குக் கிளம்புகிறாள். அன்று அக்கா மாடி முழுக்க பிஸ்கட் கொடுத்தார்.

"என்னம்மா விசேஷம்?" என்றார் கணக்குப் பிரிவு அண்ணன்.

"பொறந்தநாள்."

"போன மாசம்தான கேக் வெட்டினோம்?"

"எனக்கு வயசாகிற வேகத்துக்கு மாசத்துக்கு ஒண்ணு வருது. தின்னுட்டு வேலையப் பாருங்க."

இப்படி இருந்தபோதுதான் இன்ஜினியர் மேடம் வந்தார். சின்ன வயது, பெரிய பை. வீடுகளின் அந்தரங்கத்தைக் காக்க இனி ஒவ்வொரு மீட்டரும் தன் கோட்டைக் கலைத்துத்தான் அனுப்பும் என்றார். பில்லுக்கான கூட்டலை மீட்டர் தனக்குள்ளேயே சரியாகப் போட்டுக்கொள்ளும். எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், பைக்குள் கிடந்த தன் மகளின் ரப்பர் பந்தை எடுத்தார்.

"ஒரு வீட்டோட ஒரு நாள், இந்தப் பந்து மேல ஒரு புள்ளி. காலைல அதிகமா செலவு பண்ற வீடு இந்தப் பக்கம், சாயங்காலம் பண்றது அந்தப் பக்கம். அந்தப் புள்ளில ஒரு எறும்ப விடறோம். அது இஷ்டத்துக்கு நடக்கும். பந்துக்கு மேடு பள்ளம் கிடையாது, மூலை கிடையாது, எங்க நின்னாலும் எல்லாத் திசையும் ஒண்ணுதான். கொஞ்சம் நடந்தப்புறம் பாத்தா, எங்கேருந்து கிளம்புச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நமக்கு வர்றது எறும்பு நிக்கிற இடம் மட்டும்தான்."

"அப்ப மொத்தமும் பொய்தானா?" என்றேன் நான். கூட்டத்தில் நான் பேசுவது அபூர்வம்.

"ஒரு வீடா பாத்தா பொய். ஊர் மொத்தத்தையும் சேத்துப் பாத்தா அலைச்சலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். ஊரு எந்தப் பக்கம் சாயுதுங்கறது மட்டும் நிக்கும். நமக்கு அது போதும். பழுதானா மீட்டரே சொல்லிடும்."

அக்கா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எறும்பு கிளம்பின இடத்துக்கே திரும்பி வராதா மேடம்?"

"வரலாம். ஆனா வந்துட்டோம்னு அதுக்குத் தெரியாது."

எல்லோரும் கலைந்த பின், அக்கா தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார். "ஒரே ஒரு வீட்ட மட்டும் இதுலேருந்து விட்டுட முடியாதா?"

"தாராளமா. அந்த வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். கேட்டுட்டு வாங்க, விட்டுடலாம்."

அக்கா சிரித்துவிட்டார். "கேக்கப் போற நிலைமைல இருந்தா எனக்கு எதுக்கு மேடம் அந்தக் கோடு?"

கலைத்தல் தொடங்கிய நாளில் திரை முழுக்கக் கோடுகள் தடம் தவறிப் போயின. தங்கையின் கோட்டில் நடுச்சாமத்தில் மேடு எழுந்தது, விடியலில் பள்ளம் விழுந்தது. "ராத்திரி பூரா ஹீட்டர் எரிஞ்சிருக்கே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்தே விட்டார் அக்கா. பிறகு எறும்பு ஞாபகம் வந்து உட்கார்ந்தார். மறுநாளும் அதே கோட்டைத் திறந்தார். அதற்கடுத்த நாளும். எங்கேயோ ஒரு முள் தென்படும்; அது இஸ்திரிப் பெட்டியா, வெறும் அலைச்சலா? விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நாள் போகப் போக, காலையில் வந்த பிறகும் பையைத் தோளிலிருந்து இறக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் மாலை, வேலை முடிய நேரம் இருக்கும்போதே கண்ணாடியை மடித்து உறையில் போட்டார்.

"தம்பி, நான் கிளம்பறேன். யாராவது கேட்டா பல்வலின்னு சொல்லு."

"எங்கக்கா?"

"வாசக்கதவுக்கு."

அவர் போன பிறகு அந்தக் கோட்டை நான் திறந்தேன். எனக்கும் ஆசைதான். அவர் அழைப்பு மணியை அழுத்தினால் கோட்டில் ஒரு மயிரிழைகூட அசையாது என்று தெரியும். கதவு திறந்தால் கூடத்தில் ஒரு விளக்கு கூடுதலாக எரியலாம். வந்தவருக்காக ஏதாவது சுட வைக்கலாம். திரையில் ஏதோ ஏறியது, ஏதோ இறங்கியது. எறும்பு எங்கோ நடந்துகொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

மறுநாள் அக்காவின் மேசையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே புது அழைப்பு மணி. எப்படிக் கேட்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"மணிய அமுக்கு அமுக்குன்னு அமுக்கறேன், சத்தமே இல்ல. எப்பவோ கெட்டுப்போச்சாம். கோட்டையே கட்டிக்கிட்டு அழுதேனே, இது எனக்குத் தெரிஞ்சுதா பாரு."

"அப்புறம்?"

"கையாலதான் தட்டினேன். திறந்தா. என் மூஞ்சியப் பாக்கல, காலப் பாத்தா. 'செருப்ப வெளிய விடாத, நாய் தூக்கிட்டுப் போயிடும்'னா."

"அவ்வளவுதான் பேசினாங்களா?"

"அவ்வளவுதானாவா?" அக்கா பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் பத்திரமாக வைத்தார். "உள்ள விடச் சொல்லிட்டா தம்பி."