எஸ்தருக்குக் குரல் கொடுத்த வகுப்பு

செய்தி எஸ்தரின் எண்ணிலிருந்துதான் வந்தது. காலையில் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் வழக்கம்போல ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கழுத்தில் இருந்த கட்டியை எடுத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது வெறும் காற்றுக்குரல். அவளோடு பேசுவதென்றால் இவ்வளவும் செய்ய வேண்டியிருந்தது.

"சொல்லு எஸ்தர், கேக்குது" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். மூச்சு மட்டும் வந்தது. அவள் மூச்சு என்றே நினைத்துக் காத்திருந்தேன். பிறகு ஓர் ஆண்குரல், "அக்கா, நான் தானியேல். விடியக்காலைல அக்கா போயிட்டாங்க" என்றது. அவள் தம்பி. அழுகையை அடக்கிக்கொண்டு அவன் விட்ட மூச்சைத்தான் அவளுடையது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்களோடு பி.எட். படித்தவர்களுக்காகவும் அவளிடம் வரலாறு படித்த பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூருக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். சர்ச்சில் பாடிப் பாடி வளர்ந்த குரல் அவளுடையது. கல்லூரியில் முதல் நாள் வருகைப் பதிவின்போது அவள் 'உள்ளேன்' என்றதைக் கேட்டு வராந்தாவில் போனவர் நின்று எட்டிப் பார்த்தது நம்மில் சிலருக்காவது நினைவிருக்கும்.

நான் நெசவாளர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள்தான். ஆனாலும் நுண்நிலைக் கற்பித்தல் என்று ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னபோது எனக்குக் குரலே எழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடிக்க வேண்டிய சக மாணவிகள். பேராசிரியை கடைசி வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். பல்லவர் என்று பலகையில் எழுதிவிட்டு அதையே பார்த்தபடி நின்றேன். எஸ்தர் எழுந்தாள். "மிஸ், பல்லவர்ன்னா எங்க ஊர்ல இருந்தவங்களா, வேற எங்கிருந்தாவது வந்தவங்களா?" என்று ஒரு சிறு பிள்ளையைப்போல் கேட்டாள். அதற்கு எனக்குப் பதில் தெரியும். சொன்னேன். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தையும் கடந்துவிட்டேன். வெளியே வந்ததும் நன்றி சொன்னேன். நிஜமாகவே தனக்குத் தெரியாமல்தான் கேட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் போட்டார்கள். இருவருக்கும் ஒன்பதாம் வகுப்பு. அவள் பாடம் எடுக்கும்போது நான் கடைசி பெஞ்சில், நான் எடுக்கும்போது அவள். செய்முறைத் தேர்வு நாளன்று வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்தார். எஸ்தருக்குச் சோழர் கால நிலக்கொடை பற்றிய பாடம். முன்னுரை, வரைபடம், வினாக்கள், கடைசியில் பாடத்தைத் திரட்டிச் சொல்லும் தொகுத்துரை என்று எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். கோயிலுக்கு நிலம் கொடுத்தது யார் என்று அவள் கேட்டதற்கு ஒரு பெண், "எங்க தாத்தா மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார்.

எஸ்தர் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். ஏரிக்குக் கீழே இருந்த கோயில் நிலத்தில் தன் தாத்தா உழுததாகவும், இது நம்ம நிலம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எஸ்தர் அவளை உட்காரவைத்துவிட்டு, "எழுதிக் குடுத்தது ராஜா. உழுதது அவங்க தாத்தா மாதிரி ஆளுங்க. ரெண்டும் நடந்துதுதானே? ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. தொகுத்துரைக்கு நேரமில்லை.

பாடம் முடியவில்லையே அம்மா என்றார் தேர்வாளர். "முடியலதான் சார். நாளைக்கும் இதே கிளாஸ் எனக்கு இருக்குது" என்றாள். மதிப்பெண் குறைந்தது. அன்று பேருந்தில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த மதிப்பெண் அவளுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் மறுநாள் முதல் வேலையாக அந்த வகுப்புக்குப் போய்த் தொகுத்துரையைச் செய்துவிட்டு வந்தாள்.

அதன்பின் தனியார் பள்ளிகள், தகுதித் தேர்வு, காத்திருப்பு. நான் நகரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு வந்தேன். எனக்குப் பின்னால் அவளுக்குக் கிராமத்துப் பள்ளி ஒன்றில் பணி கிடைத்தது. போன வருடம்தான் கழுத்தில் கட்டி. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர்கள் குரல் திரும்பிவிடும் என்றார்கள். திரும்பவில்லை. மருத்துவ விடுப்பைத் தொடரச் சொன்னார் தலைமையாசிரியர். பத்தாம் வகுப்புக்கு வரலாறு பாதியில் நிற்கிறது என்று சொல்லி அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

பார்க்கப் போனேன். வகுப்பில் இருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன். எஸ்தர் உதடு அசைய ஏதோ சொன்னாள். முன்வரிசையில் இருந்த நதியா என்ற பெண் அதைக் காதில் வாங்கி எழுந்து உரக்கச் சொன்னாள். அவள் சொன்னதை மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எஸ்தர் நிறுத்தும் இடத்தில் நதியா நிறுத்தினாள். எஸ்தர் தலையைச் சாய்த்துக் கேள்வி கேட்டால் இவளும் தலையைச் சாய்த்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியங்கள் ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்தன. பார்க்க முடியாமல் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன்.

உன்னை நீயே வருத்திக்கொள்கிறாய் என்று அன்று அவளிடம் கோபப்பட்டேன். என் காதருகே வந்தாள். "நான் சொன்னா அது என்கிட்டதான் இருக்கும் உமா. அவங்க வாயால சொல்றப்பதான் பாடமாவுது. இத்தினி நாளா கத்திக்கினு இருந்தேன், இது தெரியல" என்றாள். சிரித்தாள். சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

சில மாதங்களில் கட்டி மறுபடியும் வந்தது. அடக்கத்துக்குப் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நதியாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள்.

பொதுத்தேர்வுக்கு முன் மீதிப் பாடத்தை முடித்துத் தர வாரத்தில் இரண்டு நாள் என்னை அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் போய் நின்றேன். நேரே பாடத்தைத் தொடங்கினேன். "உப்புக்கும் வரி போட்டாங்க" என்றேன்.

"உப்புக்கும் வரி போட்டாங்க" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அது எஸ்தரின் ஏற்ற இறக்கம். அவள் ஒரு சொல்லை அழுத்தும் விதம். என் வாக்கியம்தான், ஆனால் அவள் சொல்வதுபோல் இருந்தது. நதியா கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். "சாரி மிஸ். தெரியாம வந்துட்டுது."

பரவாயில்லை என்று உட்காரச் சொன்னேன். தொடர்ந்து பேசினேன். அதன்பின் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நான் என்னை அறியாமல் நிறுத்தினேன். பிள்ளைகளும் நிமிர்ந்து காத்திருந்தார்கள். அந்த இடைவெளி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இப்படியே பல நாட்கள் போயின. திரும்பும் வழியில் பேருந்தில் யாராவது பின்னால் உட்கார்ந்து பேசினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

பாடத்தை முடித்த நாளில் தொகுத்துரையை நதியாவைச் சொல்லச் சொன்னேன். பலகை அருகே வந்து நின்றாள். பிறகு தொடங்கினாள். நடுவில் ஓர் இடத்தில் தப்பாகச் சொல்லி, "இல்ல, இருங்க" என்று திருத்திக்கொண்டாள். வேகமாகப் பேசினாள். எஸ்தர் நிறுத்தும் இடங்களில் அவள் நிறுத்தவில்லை. என் வாக்கியங்களையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது முழுக்க நதியாவின் குரல். அதில் எஸ்தர் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டபோதுதான் எஸ்தர் போய்விட்டாள் என்று நம்பினேன். கல்லறையில் வராத அழுகை அந்தப் பள்ளி வராந்தாவில் வந்தது.

எஸ்தரின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். இப்போது என் சொந்த வகுப்பிலும் ஒரு வாக்கியம் சொன்னால் நிறுத்திக் காத்திருக்கிறேன். ஒரு பிள்ளையாவது தன் வாயால் அதைச் சொல்லட்டும் என்று. அந்த ஒரு கணத்தில், பதில் எந்தக் குரலில் வரப்போகிறதோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறது. அந்த நடுக்கம் போகவில்லை. போகட்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.