வரைபடத்தின் மூலையில் ஒரு பெயர்

போன மாதம் கொழும்பில் பாமன்கடைப் பக்கம் போயிருந்தேன். கால்வாயோரம் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்துக் கழிப்பறையை யாரோ அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி. கண்ணில் நீர் வந்துவிட்டது. கூட வந்த மகள் கைலேஞ்சியை நீட்டினாள், நெடியால்தான் என்று நினைத்துக்கொண்டு.

அந்தக் காலத்தில் பெரிய வரைபடங்களைப் பிரதி எடுக்கும் கடைகளில் இந்த நெடிதான் அடிக்கும். கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு கடை இருந்தது. தாள் வெளியே வரும்போது ஈரமாக, நீலக் கோடுகளோடு, மூச்சை அடைக்கும் வாசனையோடு வரும். எனக்கு அது பிடிக்கும். வாசனைகளில் எனக்கு எப்போதுமே நல்ல ரசனை இருந்ததில்லை.

பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடி அலுத்திருந்த நேரம், வெள்ளவத்தையில் ஒரு சின்னச் சுற்றாடல் நிறுவனத்தில் சேர்ந்தேன். களனியாற்றில் போத்தலில் தண்ணீர் அள்ளுவது, பள்ளிக்கூடங்களில் மரம் நடுவது, ஞாயிறுகளில் தொண்டர்களோடு கால்வாய் துப்புரவு. ஆறு மாதத்தில் என்னைத் தலைமைத்துவப் பயிற்சிக்குக் காத்மண்டுவுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை. வட்டமாக உட்கார்ந்து பந்து எறிந்து விளையாடினோம். இரண்டு பாடங்களோடு திரும்பி வந்தேன்: வேலையில் அதைச் செய்தவரின் பெயரைப் போடு, தலைவர்தான் பின்னால் நிற்க வேண்டும். ஏதோ மலையுச்சியில் தவமிருந்து பெற்றுவந்த மாதிரி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபத்து நாலு வயது, கேட்கவா வேண்டும்.

தொண்டர்களில் தாமோதரன் என்று ஒருவர். ஜிந்துப்பிட்டிக்காரர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மூன்று மொழியிலும் எழுத்து முத்து முத்தாக விழும். அவர் மனைவி மல்லிகாவின் அக்கா வீடு பாமன்கடையில். மழைக்கு மழை முழங்கால் அளவு தண்ணீர். அதனால்தான் வந்து சேர்ந்தார்.

ஒரு ஞாயிறு பாமன்கடைக் கால்வாயில் ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தோம். கொக்கியில் ஒரு சட்டை மாட்டியது. இழுத்தால் கனத்தது. சட்டைக்குள் ஆள் இருந்தான். கைகளைப் பின்னால் டெலிபோன் வயரால் கட்டியிருந்தார்கள். முகத்தில் பாதியை மீன் தின்றிருந்தது. நான் கரையில் குந்தியிருந்து வாந்தி எடுத்தேன். தாமோதரன் மரத்தில் கட்டியிருந்த பதாகையை அவிழ்த்து வந்து அந்த முகத்தை மூடினார். 'தண்ணீரைக் காப்போம்' என்று அவரே மூன்று மொழியில் எழுதிய பதாகை. வந்த பொலிஸ்காரர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், இனி இந்தப் பக்கம் துப்புரவு செய்ய வேண்டாம் என்றார். எங்கள் மாத அறிக்கையில் 'அகற்றிய கழிவுகள்' என்று ஒரு நிரல் உண்டு. அந்த மாதம் அதை வெறுமையாக விட்டேன்.

பயந்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கொக்கி போடாமல் அளந்தாவது வைப்போம், எந்தப் பாலத்தடியில் குப்பை அடைக்கிறது என்று மாநகரசபைக்கு வரைபடத்தோடு காட்டுவோம் என்று நான்தான் திட்டம் போட்டேன். தாமோதரன் மூங்கிலில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பூசி, ஒவ்வொரு பாலத்திலிருந்தும் ஆழம் பார்த்தார். பாலங்களின் அகலத்தையும் அளந்தார். கழிவுநீர் வந்து விழும் இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தார். அழகான படம். சட்டம் போட்டு மாட்டலாம்.

"மூலையில உங்கட பேரைப் போடுங்கோ" என்றேன்.

"எதுக்குங்க மிஸ்? கடைப் போர்டுலயே நான் பேர் போடுறதில்ல."

"இல்லை, வேலை செய்த ஆளின்ர பேர் இருக்கத்தான் வேணும்."

"அப்ப உங்க பேரும்?"

"எனக்கு வேண்டாம்" என்றேன் பெருந்தன்மையாக. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்: அளந்து வரைந்தவர், ச. தாமோதரன். முகவரியும் போடச் சொன்னேன். போட்டார்.

பிரதி எடுக்க அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிய அரைமணி நேரத்தில், காலி வீதியில் குண்டு வெடித்தது. எங்கள் கந்தோர் ஜன்னல் கண்ணாடி முழுதும் என் மேசைமேல் வந்து விழுந்தது. வெளியே ஓடினேன். புகைக்குள் ஒரு பெண் சப்பாத்தோடு மிஞ்சியிருந்த தன் ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றது முழங்காலோடு இல்லை. ஒரு பழக்கடையில் அன்னாசிகளின் மேலெல்லாம் இரத்தம். அதைச் செய்தவர்கள் என் போன்ற தமிழர்களின் பேரைச் சொல்லித்தான் செய்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. கண்ணாடித் துண்டு வெட்டிய கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, தமிழ் வாயிலிருந்து வந்துவிடக்கூடாதே என்று வாயை இறுக்கி மூடியபடி வீட்டுக்கு நடந்தேன்.

தாமோதரனின் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்துத் தமிழர்களை இறக்கினார்கள். சுருளை விரித்தார்கள். கொழும்பின் பாலங்கள், அகலம் அடிக்கணக்கில், சிவப்புப் புள்ளிகள். யாரோ கொண்டுபோகச் சொல்லித் தந்தது என்று சொல்லியாவது அவர் தப்பப் பார்த்திருக்கலாம். மூலையில் பெயர் இருந்தது.

அவரைப் பிடித்த இரண்டாம் நாள் மல்லிகா என்னிடம் வந்தாள். "நீங்கதான் அளக்கச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க மிஸ். அது போதும்." ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளறையில் அடி விழும் சத்தம் கேட்டது. நெல் மூட்டையைத் தடியால் அடித்தால் வருமே, அந்தச் சத்தம். நடுவில் ஒரு குரல் "அம்மா" என்றது. அவர் குரலா என்று எனக்குத் தெரியவில்லை, மல்லிகாவுக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மேசையில் இருந்த அதிகாரி என் அடையாள அட்டையைப் புரட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதன் மேல் பேனாவால் தட்டிக்கொண்டே கேட்டார்: "பாலம மனின்ன கிவ்வே கவுத?" பாலத்தை அளக்கச் சொன்னது யார் என்று.

"மம தன்னே நே சேர்" என்றேன். எனக்குத் தெரியாது ஐயா. அதோடு விட்டேனா? அவர் சும்மா ஞாயிறுகளில் வருகிறவர், கந்தோர் ஆளே இல்லை என்றும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மல்லிகாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். பஸ் தரிப்பு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உங்க பஸ் வந்துருச்சு மிஸ்" என்றாள்.

பதினாலு மாதம் கழித்து, வழக்குப் போடாமலே தாமோதரனை விட்டார்கள். ஒரு மத்தியானம் கந்தோருக்கு வந்தார். தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தார். வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. நகங்கள் இல்லை. நான் கையைப் பார்ப்பதைப் பார்த்து அதை மேசைக்குக் கீழே விட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னத எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க மிஸ்."

நான் அழுதேன்.

"அழாதீங்க. பொம்பளப்புள்ள, உள்ள மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க சொன்னதுதான் சரி." சொல்லிவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன்பின் நான் அங்கே வேலை செய்யவில்லை. சில வருடம் கழித்துத் துணிவு வந்து ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். அவர் முகவரியில் இருந்த வரிசை வீடுகளை இடித்து மாடி கட்டியிருந்தார்கள். இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, அவர் செத்துவிட்டார் என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

யுத்தம் முடிந்து மணல்மூட்டைகள் போய்விட்டன. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அந்தப் பொலிஸ் நிலையத்தின் பழைய கட்டடமும் இப்போது இல்லை. அதிகாரி எங்கே போனாரோ, உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல? பாலத்தை அளக்கச் சொன்னது நான்தான்.