மலையில் நோண்டக் கூடாது என்றார்கள்

புதுச்சேரிக்குக் கோயில் சுற்றுலா போனபோதுதான் அந்தக் கருவியை முதலில் பார்த்தேன். கடற்கரையில் ஒருவர் நீளக் கம்பியின் நுனியில் வட்டத் தட்டு மாட்டிய மெட்டல் டிடெக்டரை மணலுக்கு மேல் ஆட்டிக்கொண்டே நடந்தார். அது கூவியதும் குனிந்து தோண்டினார். மலையிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. புளி விற்றதும் நானும் ஒன்று வரவழைத்தேன். ஜீப் ஓட்டும் என் கணவர்தான் திருப்பத்தூரிலிருந்து பெட்டியை ஏற்றிவந்தார்.

எங்கள் சாமை நிலத்தில் பழகினேன். உடைந்த ஏர்க்கொழு, மாட்டு லாடம், ஜீப்பிலிருந்து கழன்ற நட்டு எல்லாம் கிடைத்தன. அதற்குள் நான் புதையல் எடுப்பதாக மலை முழுக்கப் பேச்சு. ஊர்ப் பெரியவர் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பொம்பள பூமிய நோண்டினா ஊருக்கு ஆவாதும்மா. இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல?"

"களையெடுக்கறப்ப நாங்க நோண்டறதும் இதே பூமிதானுங்க. அப்ப யாரும் ஆவாதுன்னு சொல்லலீங்களே."

கூட்டம் முணுமுணுத்தது. அவர் முகம் கடுத்தது. "மலைல நோண்டக் கூடாது. அவ்ளோதான்."

"சரிங்க. கடலுக்குப் போறேன்."

சிரித்தார்கள். அந்த வாரமே புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

கடல் என்னை மதிக்கவில்லை. ஈர மணலில் தட்டை வைத்ததுமே கருவி ஓயாமல் அலறியது. பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். அலை தொடாத காய்ந்த மணலுக்கு ஏறியதும் அடங்கியது. உப்புத் தண்ணீர்தான் அதைக் கத்த வைக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு சோடா மூடி, மறுபடி சோடா மூடி, துருப்பிடித்த தூண்டில் முள். வேடிக்கை பார்த்தவர்கள் சலித்து விலகினார்கள். நான் விலகவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஓர் இளம் தம்பதி மண்டியிட்டு மணலை அளைந்துகொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர் சாவி தொலைந்துவிட்டதாம்.

"கொஞ்சம் எந்திரிங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, உழவுச் சால் போட்டதுபோல் ஒரு வரிசை விடாமல் நடந்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வெகு தள்ளிக் கருவி கூவியது. கையைவிட்டுத் துழாவினேன். சாவி. அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எந்த ஊரு?"

"ஜவ்வாது மலை."

ஊரில் இதை மறைக்கவில்லை. புதையல் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் சாவிக் கதையைச் சொன்னேன், அடுத்த மாதமும் போகப்போவதாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் பெரியவரின் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"நான் கடலே பாத்ததில்ல. என்னையும் இட்டுக்கினு போறியா?"

"அவரு இன்னா சொல்வாருங்க?"

"சொல்லிக்கினு இருக்கட்டும்" என்றார். "பஸ் எத்தினி மணிக்கு?"