நீலாங்கரைக் கடலுக்குள் இறங்க மார்கழியில் மூன்று முறை நாள் பார்த்தோம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் தி.நகரில் பட்டுப்புடவை நகராது, என் கவுண்டருக்கு பிளவுஸ் துணி மேட்சிங் பார்க்கவும் ஆள் வராது. முதலாளி முகம் சுளிக்காமல் லீவு கொடுக்கிற மாதம் இது ஒன்றுதான். கடல் முறைத்துக்கொண்டு நிற்பதும் இதே மாதத்தில்தான். ஆகவே, போன மார்கழியில் ஸ்கூபா டைவிங் போனோம் என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. நாள் பார்த்ததே பாதிக் கதை.

ஆசைப்பட்டது ஆன்டனி. புடவைப் பிரிவில் என்னோடு பதினோரு வருஷமாக நிற்கிறான். பட்டினப்பாக்கத்து மீன்பிடிக் குடும்பம்; ஆனால் படகில் ஏறினால் வாந்தி. அதனால் கடலுக்குப் போகாமல் புடவை மடிக்க வந்துவிட்டான். வீட்டில் அவன் அண்ணன் சூசை கூப்பிடுவதே ‘பட்டு’ என்றுதான். பொங்கல் கழிந்ததும் அவனைத் திருப்பூர் கிளைக்கு மாற்றுகிறார்கள். அங்கே கடலும் இல்லை, இப்படி லீவும் இல்லை. “போறதுக்குள்ள ஒரு வாட்டியாவது கடலோட அடிய பாத்துட்டுப் போறேன்கா,” என்றான். நானும் ஃபால்ஸ் தைக்கும் கோடம்பாக்கம் புவனாவும் சேர்ந்துகொண்டோம். நீலாங்கரையில் டைவிங் அழைத்துப் போகும் கார்த்திக், மூன்று பேராக வந்தால் ஆளுக்கு நாலாயிரம் என்றார். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. சிலிண்டரைப் பிடித்தபடி ஒருவர் கூடவே வருவார்.

முதல் நாள் குறித்தது போனைப் பார்த்து. தி.நகரில் செவ்வாய்க்கிழமை வெயில் என்று போட்டிருந்தது. திங்கள் சாயந்திரம் கார்த்திக்கைக் கூப்பிட்டால் வேண்டாம் என்கிறார்.

“வெயிலு மேலதான்கா அடிக்கும். போன வாரம் பேஞ்ச மழையெல்லாம் அடையாத்துல வந்து கடல்ல கலந்து கீது. உள்ள எறங்கினா உங்க கையே உங்களுக்குத் தெரியாது.”

இந்த மாதங்களில் நீரோட்டம் தெற்கே ஓடும். அடையாற்றின் சேறு திருவான்மியூர் தாண்டி நீலாங்கரை வரை வரும். கடல்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆன்டனியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனைக் கேட்டால் தெரியும், கேட்டால் எதற்கு என்று கேட்பார், சொன்னால் பொங்கல் வரை தெருவே சிரிக்கும் என்றான். வீட்டுக்குள் கடலை வைத்துக்கொண்டு போனில் வெயிலைத் தேடிய கூட்டம் நாங்கள்தான்.

அதற்கப்புறம் கார்த்திக் தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் கடல் தண்ணீரை மொண்டு படம் அனுப்பினார். நாங்கள் அதற்கு மேட்சிங் பார்த்தோம். முதலில் டீ கலர், பிறகு காக்கி. டியூப்லைட்டில் பார்த்து நிறம் சொல்லக் கூடாது, துணியை வாசலுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். மூன்று பேரும் போனைத் தூக்கிக்கொண்டு உஸ்மான் சாலை வெயிலுக்கு ஓடினோம். வெயிலில் போனில் ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டாவதாகக் குறித்த நாளில் தண்ணீர் பாசிப்பச்சைக்கு வந்திருந்தது. கரை வரை போய்விட்டோம். வாடைக்காற்று எழும்பிவிட்டதால் படகை இறக்கவில்லை. பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினோம். வழி முழுக்க ஆன்டனி மிச்ச நாளை விரல் விட்டு எண்ணினான். பாக்கி ஒரு வியாழக்கிழமைதான். வெள்ளிக்கிழமை பொங்கல் சரக்கு இறங்கினால் யாருக்கும் லீவு கிடையாது.

அந்த வியாழன் விடியும்போதே தூறல். புவனா போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கார்த்திக் அனுப்பிய டம்ளரிலோ தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. காற்றும் இல்லை, கிளம்பி வாருங்கள் என்றார். வெயில் நாளில் போகாமல் மழை நாளில் போகிறீர்களே என்றார் என் வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். உங்களையும் சேர்க்கட்டுமா என்றதற்கு, “எனக்கு ஸ்டாண்டு கரையிலதான்,” என்று வண்டியை எடுத்தார். ஆறு மணிக்குக் கிளம்பி, புவனாவை ஏற்றிக்கொண்டு, கோட்டூர்புரம், அடையாறு வழியாக ஏழு மணிக்கு நீலாங்கரை; ஆன்டனி முன்பே வந்து நின்றான். வெளி ஆட்டோவென்றால் தி.நகரிலிருந்து பதினாலு கிலோமீட்டருக்கு நானூறு ரூபாயாவது கேட்பார்கள்.

படகில் இருபது நிமிஷம். அதற்குள் ஆன்டனி மூன்று முறை வாந்தி எடுத்தான். முகம் வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்துவிட்டது. திரும்பிவிடலாமா என்றேன், தலையை ஆட்டி மறுத்தான். கீழே போனால் ஆட்டம் இருக்காது என்று சொல்லி கார்த்திக் அவனைத்தான் முதலில் இறக்கினார்.

புவனா காது வலித்துப் பாதியிலேயே மேலே வந்துவிட்டாள். நான் முப்பது அடி வரை போனேன். ஒரு புடவை நீளத்துக்குக் கண் தெரிந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள். அந்த பார்டருக்கு என்னிடம் மேட்சிங் கிடையாது. அந்தப் பக்கம் ஆன்டனி ஒரு பாறை அருகே அசையாமல் மிதந்துகொண்டிருந்தான். பாறையில் ஒரு வலை சிக்கிக் கிடந்தது.

கரைக்கு வந்து துண்டு போர்த்தியதும் அவன் செய்த முதல் வேலை அண்ணனுக்குப் போன் போட்டது. ஸ்பீக்கரில் கேட்டோம்.

“அண்ணே, நீலாங்கரைக்கு நேரா, கடலுக்கு அடியில போயி வந்தேன். பாறையில ஒரு வலை மாட்டிக்கினு கெடக்குது.”

சூசை சிரிக்கவில்லை. “எத்தனி ஆழம்? கயிறு இன்னா கலரு?”

“முப்பது அடி. மயில்கழுத்து கலரு.”

“அது இன்னாடா கலரு?”

“பச்சையும் நீலமும் கலந்து மின்னும்ணே,” என்று நான் புகுந்தேன்.

சூசைக்கு அது போதும். “நம்ம வலைதான். பட்டு, ஞாயித்துக்கெழம கடை தொறக்கறதுக்குள்ள நீயே வந்து எடத்த காட்டு.”

போக நினைப்பவர்களுக்கு: வெயிலைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். பெருமழை ஓய்ந்து ஒரு வாரமாவது விடுங்கள், முந்தின நாள் காற்றைக் கேளுங்கள். இரண்டு நாளாவது கையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சளி இருந்தால் இறங்க வேண்டாம், காது தாங்காது. காலையில் கோயில் வெண்பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டுப் படகேறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

வாந்தி வருமே என்று மட்டும் யாரும் நின்றுவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகும்போதும் வரும்போதும் ஆன்டனி வாந்தி எடுத்தானாம். பாதி வலைதான் அறுந்து வந்ததாம். அந்தக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, திருப்பூருக்குக் கொண்டுபோயிருக்கிறான்.