செல்லாத சத்தியம்

எனக்கு மூளை கலங்கியது உண்மை. அதை நான் மறைத்ததே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில், மகள் பிறந்த சில மாதங்களில் தூக்கம் போயிற்று. ஆளில்லாத அறையில் யாரோ என்னைத் திட்டுவது கேட்டது. தொப்பம்பட்டிப் பக்கம் என் மாமியார் வீடு. "டாக்டர் கொணமாயிருச்சுன்னு சொன்னப்புறம் வரட்டுமுங்க" என்று குழந்தையை வைத்துக்கொண்டு, என்னை மட்டும் நாகல் நகரில் இருந்த அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மனநல டாக்டரின் கிளினிக்கில் மாதாமாதம் ஊசி. டாக்டர் எழுதிக்கொடுப்பார், திரைக்குப் பின்னால் கம்பவுண்டர் போடுவார். "அம்மா, நீங்க செத்த வெளிய இருங்க" என்பார். அம்மாவும் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஆஸ்பத்திரியில் சொன்னால் மறுபேச்சு ஏது நமக்கு?

ஒரு மாதம், அவன் கை ஊசி போடுகிற இடத்தோடு நிற்கவில்லை. என்னால் இவ்வளவுதான் எழுத முடிகிறது. இத்தனை வருஷம் கழித்தும் கூசுகிறது. கூச வேண்டியவன் அவன், கூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணன் கொதித்துப்போய் என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். டாக்டர் என் சீட்டைப் புரட்டினார். "இவங்களுக்குத்தான் இல்லாத குரல் கேக்குதே. இந்த நோய்ல இப்படியும் தோணும். மாத்திரையைக் கூட்டிடுவோம்" என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடப்பாவி மனுஷா! காதில் கேட்கிற குரலுக்கும் இடுப்பில் ஊர்கிற கைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா நான் கலங்கிப்போனேன்? இப்போது நான் போகிற ஆஸ்பத்திரியில் போர்டே வைத்திருக்கிறார்கள், பெண் நோயாளியோடு ஒரு பெண் இருக்க வேண்டும், புகார் இருந்தால் இன்னாரிடம் சொல்லலாம் என்று. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கோர்ட்டு தெருமுனை மாரியம்மன் கோயில்தான்.

அண்ணன் கம்பவுண்டரை அங்கே வரச் சொன்னான். மனிதன் தயங்காமல் வந்தான். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். "நான் தப்பாத் தொட்டிருந்தா என் கை வெளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தான். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அவனுக்காக.

"எனக்கும் ஏத்துங்க" என்று முன்னால் போனேன்.

பூசாரி அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னிடம், "வேணாம் தாயி. புத்தி தெளியாதவுக சத்தியம் பண்ணா செல்லாது" என்றார். சிடுசிடுப்பாகக் கூட இல்லை, பாசமாகத்தான் சொன்னார். அண்ணன் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இழுத்துவிட்டுக் கம்பவுண்டரிடம், "மனசுல வச்சுக்கிறாதீங்கண்ணே" என்றான். தூணோரம் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தெருவே என்னைப் பார்த்தது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, டாக்டர் சொன்னபடி எல்லாம் என் தலைக்குள் நடந்ததுதானோ என்று. அப்படி நினைத்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதமும் போகத்தான் வேண்டியிருந்தது. டாக்டர் தலையாட்டினால்தானே பிள்ளையைக் கண்ணில் பார்க்க முடியும்? அம்மாவோடு திரைக்குப் பின்னால் போனேன்.

"அம்மா, நீங்க செத்த வெளிய இருங்க."

அம்மா நகரவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு, கெட்டியாக உட்கார்ந்துகொண்டாள். "போடுங்க தம்பி. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். ஊசி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "நீ என்னைய நம்புறியாம்மா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. திரைய விலக்கிட்டு நீ வெளிய வந்த மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்."

"பின்ன ஏம்மா கோயில்ல வாயத் தொறக்கல?" கத்திவிட்டேன்.

அம்மா ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுடி" என்றாள். "அவருக்குக் கேக்கப் போகுது."