விளக்கை அணைத்துவிட்டு

பாம்புப் பண்ணையில் மலைப்பாம்புகளுக்கு இரை வைப்பவர் அவர். வெறும் கறித்துண்டு போடுவதை ஒப்பவே மாட்டார். காட்டில் கிடைப்பதுபோல் தோலோடும் எலும்போடும் முழு எலிதான். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு, உயிர்ச்சூடு வந்ததும் கூண்டில் வைப்பார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியேறிவிடுவார். எட்டிப் பார்ப்பவர்கள் மேல் எரிந்து விழுவார். "நாலு பேர் முறைச்சுப் பார்த்தா நீங்க சாப்பிடுவீங்களா? பசிச்சா அதுவே எடுத்துக்கும், போங்க!"

மனைவி இறந்த பிறகு அவருக்கே சோறு இறங்கவில்லை. அக்காவும் தம்பியும் தட்டைச் சுற்றி நின்று, "ஒரே ஒரு வாய், அவளுக்காகவாவது" என்று கெஞ்சினார்கள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வந்தாள். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் பண்ணையே கதியென்று அப்பாவோடு கிடந்தவள். எல்லோரையும் வெளியே கிளப்பினாள். ஆறிப்போன சோற்றைச் சூடாக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

இருட்டில் சோற்றின் ஆவி முகத்தில் பட்டது. வெளியே அக்காவின் குரல் கேட்டது: "சாப்பிடுறானான்னு பாரேன்டி."

"எட்டிப் பார்க்காதீங்க அத்தை! பசிச்சா அவரே எடுத்துப்பார், போங்க!"

அவர் கை இருட்டில் தட்டைத் தேடியது.